காவல் எங்கே இருக்க வேண்டும்: வன்பொருளிலா, பணிசெயல் முறைமையிலா?

யாழ்ப்பாணத்தில் அச்செடுக்கும் கடைகளுக்குப் பென்ட்ரைவ் கொண்டுபோகிறவர்களுக்குச் ‘சோட்கட் வைரஸ்’ பழகிப்போன பெயர். மாணவர்களின் ஒப்படைகள் அச்சாகும் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கமும் அதற்கு விலக்கல்ல. அது வேலை செய்யும் விதம் எளியது. பென்ட்ரைவில் உள்ள கோப்புறைகளுக்கு ‘மறைவானது’, ‘முறைமைக்குரியது’ என்ற இரண்டு பண்புகளைச் சூட்டிக் கண்ணில் படாமல் செய்துவிடும். அவற்றின் இடத்தில் அதே பெயரிலும் அதே படத்துடனும் குறுக்குவழிக் கோப்புகளை வைக்கும். கோப்புறை என்று நினைத்து ஒருவர் அழுத்தினால் முதலில் தீநிரல் ஓடும், பிறகு உண்மையான கோப்புறை திறக்கும். பயனருக்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது.

இந்தச் சிறிய ஏமாற்றை எந்த அடுக்கு தடுத்திருக்க வேண்டும்? புரொசசரா? அதன்மேல் ஓடும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமையா? கணினி அறிவியல் அறுபது ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி வருகிறது. பதில்கள் ஒன்றையொன்று மறுத்தும் தாங்கியும் வளர்ந்திருக்கின்றன. அவற்றின் தோற்றம், பலம், பலவீனம் ஆகியவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருளே போதுமே என்று கேட்கலாம். ஒரு செய்நிரல் வைரஸா இல்லையா என்று எல்லாச் சந்தர்ப்பத்திலும் பிழையின்றிச் சொல்லும் பொது முறை இருக்க முடியாது என்பதை பிரெட் கோஹன் 1984 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அடையாளம் கண்டு பிடிக்கும் மென்பொருள் பயனற்றது என்பது இதன் பொருளல்ல. அது எப்போதும் முழுமையற்றதாகவே இருக்கும் என்பதுதான் பொருள். ஆகவே, கெட்ட நிரல் உள்ளே வந்தாலும் அது செய்யக்கூடியதைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதே அடிப்படைக் கேள்வியாகிறது.

தொடக்கத்தில் இரு அணிகள் இல்லை

வன்பொருட் காவலும் முறைமைக் காவலும் ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. 1961 இல் வந்த பரோஸ் பி5000 கணினியில், ஒரு தரவு வரிசையின் நீளத்தைத் தாண்டி எழுத முயன்றால் வன்பொருளே நிறுத்திவிடும். இன்றைய தாக்குதல்களில் பல இந்த ஒரு சோதனை இல்லாததால் நடப்பவை என்பதை நினைத்தால், அந்த வடிவமைப்பின் தொலைநோக்கு விளங்கும்.

அறுபதுகளின் நடுவில் எம்.ஐ.ரி., பெல் ஆய்வுகூடம், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவை சேர்ந்து தொடங்கிய மல்டிக்ஸ் முறைமை, சிறப்புரிமை வளையங்கள் என்ற எண்ணத்தைக் கொண்டுவந்தது. உள்வளையத்தில் கேர்னல் எனப்படும் முறைமையின் மையம், வெளிவளையங்களில் பயனரின் நிரல்கள். முதலில் மென்பொருளால் பாவனை செய்யப்பட்ட இந்த வளையங்கள், 1973 இல் ஹனிவெல் 6180 இயந்திரத்தில் வன்பொருளாகவே அமைந்தன. முறைமை வடிவமைப்பாளர் கேட்டதை வன்பொருள் கொடுத்தது.

1972 இல் ஜேம்ஸ் அண்டர்சன் அமெரிக்க விமானப்படைக்காக எழுதிய அறிக்கை ஒரு காவற் பொறிமுறைக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது. அதை எவரும் சிதைக்க முடியாதிருக்க வேண்டும், ஒவ்வோர் அணுகலும் அதன் வழியாகவே போக வேண்டும், முழுமையாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும். இன்றுவரை இரு தரப்பினரும் தங்கள் முயற்சிகளை அளந்து பார்ப்பது இந்த அளவுகோலால்தான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1974 இல் போல் கார்கரும் ரொஜர் ஷெல்லும் மல்டிக்ஸைத் தாக்கிப் பார்த்து எழுதிய ஆய்வில் ஒரு முக்கிய செய்தி இருந்தது. மென்பொருட் பிழைகளோடு, மல்டிக்ஸ் ஓடிய பழைய 645 புரொசசரிலேயே அணுகல் சோதனையைத் தாண்டிச் செல்ல இடம்கொடுக்கும் ஒரு கோளாறையும் அவர்கள் கண்டுபிடித்தனர். வன்பொருள் பிழையே செய்யாது என்ற எண்ணம் அப்போதே ஆட்டம் கண்டிருந்தது.

முதல் நிலைப்பாடு: அடித்தளத்தில் பூட்டு

வன்பொருளை நம்புகிறவர்களின் வாதம் நேரடியானது. மென்பொருள் எதுவாக இருந்தாலும் கடைசியில் புரொசசரின் கட்டளைகளாகத்தான் ஓட வேண்டும். அந்த இடத்தில் பூட்டுப் போட்டால் மேலே உள்ள எந்த நிரலாலும் அதைக் கழற்ற முடியாது. சோதனையும் மின்சுற்றிலேயே நடப்பதால் வேகம் அதிகம் குறையாது.

இதற்கான தேவையை உலகுக்கு உணர்த்தியது 1988 நவம்பர் 2 இல் பரவிய மொரிஸ் புழு என்ற தீநிரல். ஃபிங்கர் என்ற சேவையில் 512 பைட்டுகளுக்கு ஒதுக்கிய இடத்தில் அது 536 பைட்டுகளை அனுப்பியது. வழிந்த பகுதி, நிரல் அடுத்து எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை மாற்றியெழுதியது. தரவாக வந்தது கட்டளையாக ஓடியது.

தரவு இருக்கும் இடத்தில் கட்டளை ஓடக்கூடாது என்ற விதியை 2003 இல் ஏஎம்டி தன் 64 பிட் புரொசசர்களில் ஒரு தனிப் பிட்டாக அமைத்தது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைப் பொதி அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் தாக்குவோர் அதற்கு முன்பே வழி தேடிவிட்டனர். புதிய கட்டளையைக் கொண்டுவராமல் நினைவகத்தில் ஏற்கெனவே உள்ள நூலகச் செயல்களுக்குத் திரும்பும் உத்தி 1997 இலேயே பகிரங்கமாகியிருந்தது. 2007 இல் ஹோவாவ் ஷாக்கம் அதைப் பொதுமைப்படுத்தி, இருக்கும் நிரலின் துண்டுகளைக் கோத்தே விரும்பியதைச் செய்யலாம் என்று காட்டினார். அதற்கு எதிராக, நினைவக முகவரியைத் தாங்கும் ‘சுட்டி’களுக்கு ஆம் (Arm) நிறுவனம் சேர்த்த கையொப்பமும், திரும்பும் முகவரிக்கு நிழற்பிரதி வைத்திருக்கும் இன்டெலின் ஏற்பாடும் வந்தன. 2022 இல் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் அந்தக் கையொப்பத்தையும் ஊகித்தறியும் ஒரு வழியைக் காட்டினர். ஒவ்வொரு பூட்டும் தாக்குதலின் செலவைக் கூட்டியிருக்கிறது, எதுவும் அதை முடித்துவைக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் நியாயமான வாசிப்பு.

இதே அணியில் இன்னும் ஆழமான ஒரு மரபும் உண்டு. 1966 இல் டென்னிஸும் வான் ஹோர்னும் முன்வைத்த எண்ணத்தின்படி, ஒரு நிரலிடம் வெறும் முகவரி இருந்தால் போதாது, அதைப் பயன்படுத்தும் அனுமதியும் அந்தச் சுட்டியோடு சேர்ந்தே இருக்க வேண்டும். இதை வன்பொருளில் கொண்டுவர முயன்ற இன்டெலின் ஐஏபிஎக்ஸ் 432 என்ற 1981 ஆம் ஆண்டு வடிவமைப்பு, மந்தமான வேகத்தால் சந்தையில் தோற்றது. 2010 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகமும் எஸ்ஆர்ஐ நிறுவனமும் தொடங்கிய செரி திட்டம் அதே எண்ணத்தை இன்றைய புரொசசர்களுக்கு ஏற்ப மீட்டெடுத்தது. 2022 இல் ஆம் நிறுவனம் மொரெல்லோ என்ற பரிசோதனைப் பலகைகளை ஆய்வாளர்களுக்கு வழங்கியது.

பலவீனங்கள் இரு வகையானவை. முதலாவது, வன்பொருளும் பிழைபடும். 2014 இல் வெளியான ரோஹாமர் ஆய்வு, நினைவகத்தின் ஒரு வரிசையை மீண்டும் மீண்டும் அணுகினாலே பக்கத்து வரிசையின் பிட்டுகள் மாறக்கூடும் என்று காட்டியது. 2018 ஜனவரி 3 இல் வெளியான மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகியவை அதைவிடப் பெரிய அதிர்ச்சி. கேர்னலின் நினைவகத்தைப் பயனரிடமிருந்து பிரிக்க வேண்டிய புரொசசரே, வேகத்துக்காக முன்கூட்டி ஊகித்து ஓடும்போது அதைக் கசியவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை. மெல்ட்டவுனுக்கு உடனடி மருந்தாக வந்தது புதிய புரொசசர் அல்ல, பணிசெயல் முறைமைகள் கேர்னலின் நினைவகப் பக்கங்களைத் தனியே பிரித்துவைத்த மாற்றமே. நம்பகமற்ற முறைமையிலிருந்தும் இரகசியத்தைக் காப்பதாக 2015 இல் வந்த இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் 2018 இல் ஃபோர்ஷடோ தாக்குதலுக்கும் 2019 இல் பிளண்டர்வோல்ட் தாக்குதலுக்கும் இலக்கானது. பின்னர் சாதாரண மேசைக் கணினிப் புரொசசர்களிலிருந்து இன்டெல் அதைக் கைவிட்டது.

இரண்டாவது பலவீனம் அடிப்படையானது. வன்பொருளுக்கு முகவரியும் பிட்டும் தெரியும், ‘இது மாணவியின் ஆய்வேடு, இதை இந்த நிரல் தொடக்கூடாது’ என்பது தெரியாது. பணயம் கேட்கும் ரான்சம்வெயார், பயனருக்குரிய அனுமதியோடு பயனரின் கோப்புகளைக் குறிமறையாக்குகிறது. புரொசசரின் பார்வையில் அது முறையான எழுத்து வேலையே.

இரண்டாம் நிலைப்பாடு: முறைமையைச் சரியாகக் கட்டு

பொருள் தெரிந்த அடுக்கு பணிசெயல் முறைமை. எந்த நிரல், யாருடைய சார்பில், எந்தக் கோப்பை, எதற்காகத் தொடுகிறது என்று கேட்கக்கூடிய இடம் அதுவே. ஒவ்வொரு நிரலுக்கும் தேவையான மிகக் குறைந்த உரிமையே தரப்பட வேண்டும் என்ற கொள்கையைச் சோல்ட்சரும் ஷ்ரோடரும் 1975 இல் தெளிவாக எழுதினர். சிக்கல் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதில் இருந்தது.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ‘செம்மஞ்சள் புத்தகம்’ 1983 இல் முறைமைகளுக்குத் தரவரிசை வகுத்தது. அதன் மிக உயர்ந்த ஏ1 தரத்தை நோக்கி டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வாக்ஸ் கணினிக்காக ஒரு பாதுகாப்புக் கேர்னலைக் கட்டி, 1990 இல் விற்பனைக்கு விடாமலே கைவிட்டது. சான்று பெறும் காலத்துக்குள் சந்தை நகர்ந்துவிடும் என்ற பாடம் அதிலிருந்து எடுக்கப்பட்டது.

சிறிய கேர்னல் என்ற கனவு மீண்டும் உயிர்பெற்றது 2009 இல். சிட்னியை மையமாகக் கொண்ட நிக்டா ஆய்வாளர்கள் எஸ்இஎல்4 என்ற கேர்னலின் சுமார் 8,700 வரி சி மொழி நிரல், அதன் விவரக்குறிப்புக்கு முழுதாக ஒத்துப்போகிறது என்பதைக் கணிதமுறையில் நிறுவினர். முழு முயற்சிக்கும் சுமார் 20 மனித ஆண்டுகள் சென்றன. அண்டர்சனின் மூன்றாவது நிபந்தனைக்கு இவ்வளவு நெருக்கமாக வந்த பொதுப்பயன் கேர்னல் வேறு இல்லை எனலாம்.

மற்றவர்கள் சான்றை விடுத்து நடைமுறை உத்திகளைத் தேர்ந்தனர். ஓப்பன்பிஎஸ்டி முறைமை 2003 இலேயே, தனிப் பிட் இல்லாத பழைய புரொசசர்களிலும் எழுதக்கூடிய இடத்தில் கட்டளை ஓடாதபடி செய்தது. கியூப்ஸ் முறைமை மின்னஞ்சல், வங்கி, இணையம் ஆகியவற்றைத் தனித்தனி மெய்நிகர் இயந்திரங்களில் அடைத்தது. ஆண்ட்ரொயிட் ஒவ்வொரு செயலியையும் தனிப் பயனராக நடத்துகிறது. நம் கையிலுள்ள தொலைபேசியில் சோட்கட் வைரஸ் போன்றவை அரிதாக இருப்பதற்கு இந்த வடிவமைப்பு ஒரு முக்கிய காரணம் என்று கருத இடமுண்டு.

பென்ட்ரைவின் கதையும் இத்தரப்புக்குச் சாதகமான சான்று. செருகியவுடன் தானாக ஓடும் ‘ஓட்டோரன்’ வசதி, 2008 இல் தோன்றிய கொன்ஃபிக்கர் போன்ற புழுக்களுக்குப் பரவும் வழிகளில் ஒன்றானது. 2011 பெப்ரவரியில் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கும் அதைக் கட்டுப்படுத்தும் இற்றைப்படுத்தல் வந்தது. அந்த வழித் தொற்றுகள் அதன்பின் குறைந்ததாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. புதிய புரொசசர் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு மோசமான வடிவமைப்பு முடிவு திருத்தப்பட்டது, அவ்வளவே. ஆனால் சோட்கட் வைரஸ் தப்பிப் பிழைத்தது, ஏனெனில் அங்கே நிரலை ஓட்டுவது முறைமை அல்ல, மனிதரின் விரல்.

இத்தரப்பின் பலவீனங்களும் தெளிவானவை. எஸ்இஎல்4 இன் முதற் சான்று வன்பொருளும் தொடக்க நிரலும் சரியாக வேலை செய்கின்றன என்ற எடுகோளின்மீது நின்றது. அதே ஆய்வாளர்கள் பின்னாளில், நேர வேறுபாட்டால் இரகசியம் கசிவதைத் தடுக்கும் வசதிகளைப் புரொசசர்கள் தரவில்லை என்றும் வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையில் புதிய ஒப்பந்தம் தேவை என்றும் எழுதினர். முறைமையை நம்பியவர்களே வன்பொருளின் கதவைத் தட்டியது கவனிக்கத்தக்கது. 2014 இல் கார்ஸ்டன் நோலும் யாக்கோப் லெல்லும் காட்டிய பேட்யுஎஸ்பி இன்னொரு எல்லையைக் காட்டுகிறது. பென்ட்ரைவுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பின் நிரலை மாற்றினால் அது தன்னை விசைப்பலகை என்று அறிமுகப்படுத்தித் தானே கட்டளைகளைத் தட்டச்சு செய்யும். தன்னிடம் பொய் சொல்லும் சாதனத்தை முறைமை எப்படி அடையாளம் காணும் என்பதற்கு எளிய விடை இல்லை.

சென்னையில் ஒரே வளாகத்தில் இரு வழிகள்

இந்த விவாதத்தைத் தமிழ் நிலத்திலேயே பார்க்க முடியும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடியின் தலைமையில் 2014 இல் தொடங்கிய சக்தி திட்டம், ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்ட புரொசசர்களை வடிவமைத்தது. 2018 இல் ரைஸ்கிரீக் சிப் இன்டெலின் 22 நானோமீற்றர் தொழில்நுட்பத்தில் தயாராகி லினக்ஸை ஓட்டியது. அதே குழு 2017 இல் வெளியிட்ட சக்தி-ரி வடிவமைப்பு, ஒவ்வொரு சுட்டியும் தொடலாம் என்ற இடத்தின் அடியையும் எல்லையையும் வன்பொருளே சோதிக்கும் ஏற்பாடு. பரோஸ் இயந்திரத்தின் எண்ணம் அரை நூற்றாண்டு கழித்துத் தரமணிப் பக்கம் வந்து சேர்ந்தது.

அதே ஐஐடியின் ஆதரவில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் பாரோஎஸ் என்ற தொலைபேசி முறைமையை அறிமுகப்படுத்தியது. ஆண்ட்ரொயிடின் திறந்த நிரலின்மேல் கட்டப்பட்ட இது, முன்னிருப்புச் செயலிகள் எதுவுமின்றி, நிறுவனம் நம்பும் செயலிகளை மட்டும் அனுமதிக்கும் வழியைத் தேர்ந்தது. சென்னையில் உள்ள சி-டாக் ஆய்வு மையம் 2007 இல் வெளியிட்ட பொஸ் லினக்ஸ் முறைமை இதற்கு மூத்தது. இவற்றைப் பற்றிய விமர்சனம் ஒன்றுண்டு. அடிப்படை நிரல் வேறெங்கோ எழுதப்படும்போது, அங்கே பிழை திருத்தப்படும் வேகத்துக்கு இங்குள்ள குழு ஈடுகொடுக்க வேண்டும். சொந்தப் பெயர் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

சக்தியிலும் பாரோஎஸ்ஸிலும் பாதுகாப்போடு இன்னொரு நோக்கமும் கலந்திருக்கிறது: யாரை நம்புவது என்ற தேசிய நோக்கம். அது நியாயமான கேள்வியே. எனினும், பிறருடைய பின்கதவுக்கு அஞ்சுவதும் தீநிரலைத் தடுப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பலவேளை குழப்பத்தையே தருகிறது.

இரண்டும் எட்டாத இடங்கள்

2019 செப்டெம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தோடு தொடர்புடைய ஒரு கணினியில் டிட்ராக் வகைத் தீநிரல் இருந்தது கண்டறியப்பட்டது. அது இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பில் இருந்த கணினி என்றும், உலைக் கட்டுப்பாட்டு முறைமை அதிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் இந்திய அணுமின் கழகம் ஒக்டோபர் 30 இல் தெரிவித்தது. அங்கே கைகொடுத்தது வலையமைப்பைப் பிரித்துவைத்த பழைய ஒழுங்கு.

இலங்கையில் 2023 ஓகஸ்ட் 26 இல் அரசின் முகிற் கணிமைச் சேவை ரான்சம்வெயாரால் தாக்கப்பட்டது. சுமார் 5,000 அரச மின்னஞ்சற் கணக்குகளில் மே 17 முதல் அன்றுவரையான தரவு இழக்கப்பட்டது. பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சற் சேவை மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு, அதற்கான மைக்ரோசொப்டின் ஆதரவு 2023 ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. அந்தக் காலப்பகுதிக்கு வேறாக வைத்த காப்புப்பிரதியும் இருக்கவில்லை. செரி புரொசசரோ எஸ்இஎல்4 கேர்னலோ இருந்திருந்தால் இது நடந்திராது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இற்றைப்படுத்தலும் காப்புப்பிரதியும் இருந்திருந்தால் இழப்பு பெரிதும் குறைந்திருக்கும் என்று சொல்லலாம்.

மூன்றாவது வழி ஒன்றும் வலுப்பெற்று வருகிறது: நிரல் எழுதும் மொழியை மாற்றுவது. மைக்ரோசொப்ட் திருத்திய பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 வீதம் நினைவகத்தைப் பிழையாகக் கையாள்வதால் வந்தவை என்று அதன் பொறியியலாளர்கள் 2019 இல் கூறினர். புதிய நிரல்களை ரஸ்ட் போன்ற மொழிகளில் எழுதியதன் பின், ஆண்ட்ரொயிடில் அவ்வகைப் பிழைகளின் பங்கு 2019 இல் 76 வீதத்திலிருந்து 2024 இல் 24 வீதமாக இறங்கியதாகக் கூகுள் தெரிவித்தது. ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட கோடிக்கணக்கான சி வரிகளை எவரும் விரைவில் மாற்றியெழுதப் போவதில்லை. அந்த இடைவெளிக்கே வன்பொருட் சோதனை தேவை என்பது செரி ஆதரவாளர்களின் வாதம்.

பூட்டின் திறப்பு யாரிடம்?

வன்பொருட் காவலுக்கு ஓர் அரசியற் பக்கமும் உண்டு. ‘நம்பகக் கணிமை’ என்ற பெயரில் வந்த ஏற்பாடுகள், கணினியை அதன் உரிமையாளரிடமிருந்தே பூட்டிவைக்கப் பயன்படலாம் என்று ரொஸ் அண்டர்சனும் ரிச்சர்ட் ஸ்டோல்மனும் 2002 வாக்கிலேயே எச்சரித்தனர். 2021 இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கட்டாயமாக்கியது. 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிந்தது. பாதுகாப்பு நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. ஆனால் பழைய கணினிகளை வைத்து வேலை செய்யும் பள்ளிக்கூடங்களும் கடைகளும் உள்ள யாழ்ப்பாணம் போன்ற இடத்தில் விளைவு வேறாக இருக்கக்கூடும். புதிய இயந்திரம் வாங்க முடியாதவர் இற்றைப்படுத்தல் இல்லாத முறைமையோடு நின்றுவிட்டால், உயர்ந்த பூட்டு பலருக்குப் பூட்டே இல்லாத நிலையை உண்டாக்கும். சிப் இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது: பாதுகாப்பான தொடக்க (Secure Boot) ஏற்பாட்டைத் தாண்டும் பிளாக்லோட்டஸ் தீநிரல் 2023 இல் அம்பலமானது.

மதிப்பீடு

மேலே கண்டவற்றிலிருந்து சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். நினைவகப் பிழைகளைச் சுரண்டும் தாக்குதல்களில் வன்பொருட் சோதனைக்கு உண்மையான மேன்மை உண்டு, அது மலிவாகவும் இடைவிடாமலும் நடக்கிறது. உரிமைகளைப் பங்கிடுவதில் முறைமை வடிவமைப்புக்கு மாற்று இல்லை. 1982 இன் இன்டெல் 80286 நான்கு வளையங்களைக் கொடுத்தும் பெரும்பாலான முறைமைகள் இரண்டையே பயன்படுத்தின என்பது, முறைமை கேட்காத காவலை வன்பொருள் கொடுத்துப் பயனில்லை என்பதற்குச் சான்று. மெல்ட்டவுன், வன்பொருள் கைவிட்டால் முறைமையின் சுவர் நிற்காது என்பதற்குச் சான்று.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. ஊகித்து ஓடும் வேகத்தை விட்டுக்கொடுக்காமல் கசிவற்ற புரொசசரைக் கட்ட முடியுமா? எஸ்இஎல்4 போன்ற சான்றை, அன்றாடம் பயன்படும் பெரிய முறைமைக்கு விரிக்க முடியுமா? பயனரின் அனுமதியோடு ஓடும் நிரலில், பயனரின் எண்ணத்தை எந்த அடுக்காவது அறிய முடியுமா? மூன்றாவதற்கு இரு தரப்பிடமும் இன்றுவரை நிறைவான விடை இல்லை.

தேர்வு செய்ய வேண்டிய நிலையில் உள்ள நிறுவனங்களுக்கு, எந்த அடுக்கு வலியது என்பதைவிட எந்த அடுக்கைப் பழுதானபின் தம்மால் திருத்த முடியும் என்பது பயனுள்ள அளவுகோல். முறைமையின் பிழை ஓர் இற்றைப்படுத்தலோடு போய்விடலாம், சிப்பின் பிழை முழுமையாகத் தீரப் பெரும்பாலும் அடுத்த சிப்பை வாங்க வேண்டும். வாங்கும் வசதி குறைந்த இடத்தில், ஆதரவு உள்ள முறைமையும் குறைந்த உரிமையுள்ள பயனர் கணக்கும் வேறாக வைத்த காப்புப்பிரதியும் முதலில் வர வேண்டும், புதிய வன்பொருள் அடுத்துத்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலும் பொறியியலும் படிப்போருக்கு ரிஸ்க்-5 உம் எஸ்இஎல்4 உம் இன்று திறந்தே கிடக்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கற்கும் தலைமுறையே இந்தக் கேள்வியை முன்னகர்த்தும், ஒரு பக்கத்தை மட்டும் நம்பிய முயற்சிகளின் எல்லையை அறுபது ஆண்டு வரலாறு காட்டிவிட்டது.